வேர் மண்ணோடு போன கனகாம்பரம்

கார்த்திகை பதினொன்று, வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால் மணி. ஆனையூர்ச் சோதனைப் பாத்தியில் நாற்பத்தாறாவது கனகாம்பரச் செடியை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் இரவே மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் தம்பி சைக்கிளில் வந்து சொன்னார். நான் சர்க்கார் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர், புது ரகங்களைப் பயிரிட்டுக் காட்டுபவன். நிலம் அண்ணனுடையது, சோதனை என்னுடையது. அடர் சிவப்பில் பூக்கும் ஒரு புது ரகத்துக்காக மூன்று வருஷம் அந்தப் பாத்தியில் ஒன்றாகக் குனிந்தோம். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். வெறுமனே புகழ எனக்குப் பொறுமை இல்லை.

படிப்பு முடிந்து, பூட்ஸ் காலோடு அவர் தோட்டத்தில் இறங்கிய முதல் நாள், காய்ந்த கனகாம்பரக் கதிர் ஒன்றை ஒடித்து டம்ளர் தண்ணீரில் போட்டார். காய்கள் படபடவென்று வெடித்து, விதை என் மூக்குக்கண்ணாடியில் வந்து அடித்தது. "பயந்துட்டீகளா தம்பி? வெள்ளைக்காரன் துப்பாக்கி இல்ல, விதைதான்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

போன வருஷம், ஈரம் இருந்தும் மத்தியானத்தில் செடிகள் துவண்டன. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினேன். வேரெல்லாம் முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத புழு உள்ளே இருக்கிறது, இந்த மண் போகும் இடமெல்லாம் போகும், கத்தரி தக்காளியையும் விடாது என்று சொன்னேன். பூ வெளியே போகலாம், செடி போகக் கூடாது என்றேன்.

"மாதா மேல ஆணை தம்பி, ஒரு செடி வேலியைத் தாண்டாது" என்றார்.

விதை சிதறாமல் இருக்கக் கதிர்களுக்குத் துணிப்பை கட்டினேன். மழையில் பையை மீறித் தெறித்த விதைகள் தாமாக முளைத்தன. அவற்றைப் பிடுங்கி எரித்துவிடுவதாகச் சொன்னார். நம்பினேன்.

அடக்கத்தன்று பெட்டியின் மேல் எங்கள் சிவப்பு, சரம் சரமாகக் குவிந்து கிடந்தது. ஆனால் எங்கள் பாத்தியில் யாரும் ஒரு பூகூடப் பறிக்கவில்லை. கொட்டாம்பட்டியிலிருந்து சரம் கொண்டுவந்த அம்மாள் ஒருவரிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுப் பூதான் தம்பி. எம் மக கல்யாணத்துக்கு அண்ணே குடுத்த செடி. வேர் மண்ணு உதிராம வாழை மட்டையில சுத்திக் குடுத்தாக."

"உங்களுக்கு மட்டுமா?"

"கல்யாணம்னு வந்த அம்புட்டுப் பேருக்கும்தான். 'தானா முளைச்சது யாருக்கும் சொந்தமில்ல, பொண்ணுக்குத்தான்'னாக. 'டெமான்ஸ்ட்ரேட்டர் தம்பிகிட்ட மூச்சு விட்டுராதீக, நல்ல புள்ள, பயந்த சுபாவம்'னு சிரிச்சாக. நீங்க யாரு தம்பி?"

நான் சொல்லவில்லை. "பக்கத்துல என்ன போட்டிருக்கீக?"

"கத்தரி. என்னமோ, மத்தியானமானா தலை தொங்கிப்போகுது."

விதையாகக் கொடுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்கு வேர் மண் உதிர்ந்த செடி ஆகாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், புழு சாக வறுத்த மண்ணில் நாற்று வளர்த்து, மண்ணோடேயே கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே என்னை ஏமாற்றினார். பெட்டிக்கு முன்னால் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சண்டை போட ஆள் இல்லையே என்பது அதைவிடப் பெரிய கோபம்.

இனி நான் செய்யப்போவது:

1. அண்ணனிடம் செடி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன். இந்த யுத்தகாலத்தில் சைக்கிள் டயர் கிடைக்காவிட்டால் நடந்தே வருவேன். மறைக்காதீர்கள். வாங்கியது உங்கள் குற்றமில்லை.

2. வேரில் முடிச்சு இருந்தால், பூத்துக் குலுங்கினாலும் பிடுங்கி அங்கேயே எரிப்பேன். கோடையில் உழுது மண்ணைக் காயப்போடுங்கள். அங்கே மறுபடி கத்தரி வேண்டாம், கம்பு போடுங்கள்.

3. கொட்டாம்பட்டி அம்மாளிடம் நான் யார் என்று சொல்வேன்.

4. அண்ணன் கல்லறையில் அவர் மனைவி லூர்து மதினி நட்டிருக்கும் செடியையும் பிடுங்குவேன். மதினியிடம் கேட்டுவிட்டுத்தான்.

5. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது டம்ளர் தண்ணீரில் காய் வெடித்த அந்தச் சத்தம் ஒன்றுதான். கழுவிய விதையை வறுத்த மண்ணில் முளைக்கவைத்து, கல்லறையில் அதே இடத்தில் நானே நடுவேன். வேர் மண் உதிராமல்.