அக்காளுக்கு நான் பின்னிய சால்வை

செஞ்சி வெயிலுக்குச் சால்வை எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் வாயை மூடிக்கொண்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தற்பெருமைதான், இருக்கட்டும்.

என் அக்காள் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வருடம் அது. அங்கே ஓய்வு பெறும் ஆசிரியர்களுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். கூட்டிப் பெருக்கியவர்களுக்கு மேடைக்குக் கீழேயே ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் அக்காளை அப்படி அனுப்ப விடமாட்டேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். கடையில் விற்கிற பளபளாப் பொன்னாடை வேண்டாம். காற்று புகுந்து வருகிற மாதிரி வெள்ளைப் பருத்தி நூலில் பூவேலைச் சால்வை, அதுவும் நானே பின்னியது.

நான் பஸ் ஸ்டாண்டு அருகே பூக்கடை வைத்திருப்பவள். பின்னலை செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். போகிற வரிசை ஒழுங்காக வந்தது. திரும்புகிற வரிசை தொளதொளவென்று தொங்கியது. நூல் சரியில்லை என்றேன், ஊசி வழுக்குகிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மூன்று முறை பிரித்தேன். விழா நெருங்க நெருங்க அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் புரிந்தது. திரும்புகிற வரிசையில் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். என் கைக்கு இழுக்கவே தெரியாது. காம்பு நசுங்காமல் பூவைப் பிடித்துப் பழகிய கை அது. சரம் கட்டும்போது நாரை இழுத்துப் பிடிப்பது என் கால் கட்டைவிரல். சரி, வா என்று நூலையும் அதில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னினேன். கண்ணிகள் ஒரே அளவாக வந்து உட்கார்ந்தன. வீடியோவில் வருகிற எந்த அம்மாளுக்கும் இந்த வித்தை தெரியாது.

ஆனாலும் மனம் உறுத்தியது. கோயிலுக்குப் போகிற பூமாலையில் நாங்கள் கால் படவிட மாட்டோம். காலில் சுற்றிய நூலை மூத்தவள் தோளில் போடலாமா? துவைத்துக் காயவைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனேன்.

டப்பாவோடு தலைமை ஆசிரியர் இறங்கி வருவதற்குள் அக்காளைக் கைப்பிடித்து மேடையேற்றிப் போர்த்திவிட்டேன். அவர் சால்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "எந்தக் கடைலம்மா வாங்குன, மெட்ராஸ்லயா?" என்றார்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அக்காள் காதில் சொன்னேன்: "மன்னிச்சிடுக்கா, நூல கால்ல சுத்திக்கினுதான் பின்னுனேன்."

மைக் பக்கத்தில் நிற்கிறோம் என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

"இன்னாடி மன்னிப்பு? முப்பது வருஷமா ஊர்ப் புள்ளைங்க கால் மண்ணெல்லாம் பெருக்குனவ நானு. என் தங்கச்சி கால் பட்டா கொறஞ்சா பூடுவேன்?"

கூட்டம் முழுக்கக் கேட்டது. அக்காள் சால்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு கண்ணிகூட நெகிழவில்லை.