பட்டன் நின்ற இடம்

பனியன் கம்பெனி வேனின் கதவு திறந்ததும் முதலில் இறங்குவது வாசனைதான். புதுத் துணியும் மிஷின் எண்ணெயும் வாடிய மல்லிகையும் வேர்வையும் கலந்த அந்த வாசனைக்காகவே எங்கள் நாய் பட்டன் அருள்புரம் நிறுத்தத்தில் தினமும் காத்து நிற்கும்.

நெற்றியில் வட்டமான கறுப்புப் புள்ளி இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாங்கள் வரிசையாகக் கட்டிய ‘லைன் வீடு’ ஒன்றில் இருந்தோம். பன்னிரண்டு மணி நேர ‘ஒன்றரை ஷிப்ட்’ முடிந்து அம்மாவும் மற்றப் பெண்களும் திரும்பும்போது நன்றாக இருட்டியிருக்கும்; விளக்கில்லாத சந்து, நடுவில் ஒரு சாராயக் கடை. அந்தக் கடை வாசலில் பட்டன் நின்றுகொண்டு, கடைசிப் பெண் கடக்கும்வரை உறுமும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது என் நாய் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது, எழவேயில்லை. சொந்தமாகக் கைப்பிடி மண் இல்லாத எங்களுக்கு வீட்டுக்காரம்மாதான் அதைப் புதைக்க இடம் கொடுத்தார்.

“அழுவாத கண்ணு, நம்ம தோட்டத்துலயே படுக்கட்டும். வேற குட்டி புடிச்சுத் தாரேன்” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவின் கம்பெனியில் லீவு போடுகிறவர் தன் மிஷினுக்கு ‘மாத்து ஆளு’ விட்டுத்தான் போக வேண்டும். பட்டனையும் அப்படி நினைத்துவிட்டார்களே என்று சோறு இறங்கவில்லை. ஆனால் வேன் வரும் நேரம் நெருங்க நெருங்க, காலியாகக் கிடக்கும் அந்த நிறுத்தம்தான் மனதை அரித்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வேனிலிருந்து இறங்கிய அம்மா திடுக்கிட்டாள். “எங்கட்டி வந்த இருட்டுல? நீ வந்து என்னத்தக் காப்பாத்தப் போற?”

“பட்டனுக்கு மாத்து ஆளும்மா.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் வந்த ஒரு அக்கா, “வாட்ச்மேன் வந்துட்டாக, வாங்கடி போவோம்” என்றாள்.

கடை வாசலுக்கு வந்ததும் பட்டன் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன். குரைக்கவா முடியும்? வாயில் வந்தது ஏழாம் வாய்ப்பாடு. “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, பட்டனைப் போலவே கடைசி அக்கா கடக்கும்வரை நின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வெகுகாலம் அந்த வேலையைப் பார்த்தேன். நிறுத்தத்துக்குப் போகும்போது அழுவேன். திரும்பும்போது அழமாட்டேன், டியூட்டியில் இருக்கிறேன் அல்லவா! அந்த வயதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பதவி அது.

இப்போது அந்தச் சந்தில் விளக்கு உண்டு. லைன் வீடுகள் இல்லை, தோட்டத்தின் மேல் துணிக் குடோன் நிற்கிறது. சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட அம்மா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பேருந்து நிலையத்துக்கு நானே போய் நிற்கிறேன். படியில் கால் வைத்ததும் அவள் கண் முதலில் தரையைத்தான் தேடும், பிறகுதான் என்னை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் நிற்பது யாருடைய இடம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.