குறுக்கே கிடந்த கொப்பு

எங்கள் காட்டுப் பாதையில் வாகனம் ஓடாததற்குக் காரணம் யானை. இந்த ஒரு விஷயத்தை எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று கிழமை போதவில்லை.

நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு வழிகள். ஒன்று தார் வீதி. விடிந்தால் அதில் மணல் டிப்பர்கள்தான். ஏழு வருடத்துக்கு முந்தி, மாரியில், ஒரு டிப்பர் என்னைச் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போனது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் பின்னால் கேட்டாலே நான் வீதியை விட்டுப் புல்லுக்குள் இறங்கிவிடுவேன். மற்றது, குளக்கட்டில் தொடங்கிக் காட்டுக்குள்ளால் போகும் கிரவல் பாதை. இரண்டு பக்கமும் பாலையும் வீரையுமாக மரங்கள் நிற்கும். எங்கே போகிறாய், ஏன் மெலிந்துவிட்டாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சந்தியில் நாலு பேர் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போகிறவள் நான். அந்தப் பாதை இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலையும் இல்லை.

அந்தப் பாதையில் நான் போய்வரக் காரணம் ஒரு மாட்டுக்காரர். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து காட்டோரம் குடியேறியது. விடிய முதல் அவர் மாடுகளோடு உள்ளே போவார். யானை நிற்கும் அடையாளம் கண்டால் திரும்பிவந்து, காட்டு வாசலில் ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் பாதைக்குக் குறுக்கே போடுவார். யானை குளத்தின் மற்றப் பக்கம் போனதும் கொப்பை ஓரமாக இழுத்துவிடுவார். குறுக்கே கிடந்தால் நில். ஓரத்தில் கிடந்தால் போ. ஆறு வருடமாக அந்தக் கொப்பைப் பார்த்துத்தான் நான் போய்வந்தேன். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்தில் கண்டால் அவர் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். எனக்கு அது நிறையவே போதுமாயிருந்தது.

இந்த நிலையில்தான் என் கணவரின் சித்தி மகன் சுவிஸிலிருந்து வந்தார். உடுப்புப் பெட்டியைவிடப் பெரிய பெட்டியில் ஒரு சைக்கிளும் வந்தது. கிரவலில் ஓடுவதற்கென்றே செய்த சைக்கிளாம். ஆறு வருடமாக என் லேடீஸ் சைக்கிள் கிரவலில்தான் ஓடுகிறது, அது எதற்கென்று செய்தது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அங்கே சுவிஸில் மலைகளுக்கு இடையில், காட்டுக்குள்ளால், ஒரு வாகனமும் வராத கிரவல் பாதைகள் இருக்கின்றனவாம். சனிக்கிழமைகளில் கூட்டமாகப் போவார்களாம். சாப்பாட்டு நேரமெல்லாம் இந்தக் கதைதான். என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இவள் தினமும் அப்படி ஒரு பாதையால்தான் போகிறாள் என்று சொல்லிவிட்டார். விருந்தாளி சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

"அண்ணி, இப்பிடி ஒண்டை வைச்சுக்கொண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறியள்."

ஏதோ நகையை ஒளித்துவைத்தவளைப் பிடித்ததுபோல இருந்தது. யானை வரும், தனியப் போகவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். நான் சொல்வது எப்போதும் அவ்வளவு மெதுவாகத்தான் வரும். அவருக்குக் கேட்டதோ தெரியாது. அடுத்த நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாதை அருமை, ஒரு மலை மட்டும் இல்லாதது குறை என்றார். அந்தக் குறைக்கும் நான்தான் பொறுப்பு என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை நான் வழமைபோல வெளிக்கிட்டேன். பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பூசணிக்காயைக் கரியரில் கட்டியிருந்தேன். காட்டு வாசலில் கொப்பு ஓரமாகக் கிடந்தது. இலை வாடவில்லை. விடியப் போட்டு, யானை போனதும் இழுத்துவிட்டிருக்கிறார் என்று நினைத்து உள்ளே போனேன். இரண்டாவது வளைவில் யானை பாதையின் நடுவில் நின்றது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு பாலைமரத்துக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது பூசணிக்காய் உடையும் சத்தம் கேட்டது. யானை அவசரப்படவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பு மூட்டியபோது எட்டரை தாண்டிவிட்டது. பிள்ளைகள் அன்று வெறும் பருப்போடு சோறு சாப்பிட்டார்கள், அதுவும் சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரத்துக்குப் பிறகு. பள்ளிக்கூட அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் வளைந்த கரியரோடு திரும்பியபோது மாட்டுக்காரர் காட்டு வாசலில் எனக்காக நின்றார். ஆறு வருடத்தில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்: "கொப்ப யாரு இழுத்தது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்திருப்பவராக இருக்கலாம் என்றேன்.

"அப்ப இனி அவரே பாத்துக்கட்டும் தங்கச்சி. நான் போடுறத இன்னொருத்தர் இழுத்தா, அது நான் போடாம விடுறதவிட மோசம்."

அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

வீட்டில் விசாரித்தேன். விருந்தாளி மறைக்கவில்லை. அன்று நான் வெளிக்கிட முதலே போய், காட்டு வாசலில் நின்று தன்னை வீடியோ எடுத்தாராம். கொப்பு படத்தில் விழுந்ததாம். இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போவதுபோல மூன்று தரம் ஓடிக்காட்டி எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக்குத் திரும்பிவிட்டாராம். "அங்க எங்கட பாதையில மரம் விழுந்து கிடந்தால் எடுத்துவிட்டுப் போறதுதான் மரியாதை, அண்ணி." சத்தியமாக அவர் நல்லதைத்தான் நினைத்திருக்கிறார். நல்லதை நினைக்கிறவர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

அன்று மாலையே அவரைக் கூட்டிக்கொண்டு மாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே எல்லாம் விருந்தாளிதான் பேசினார். மன்னிப்புக் கேட்டார். நல்லது. பிறகு அம்புக்குறி போட்ட பலகை நடலாம் என்றார். போனில் ஒரு குழு தொடங்கி யானை வந்தால் செய்தி போடலாம் என்றார். காட்டுக்குள் சிக்னல் இல்லை என்பதை நான் அவருக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தேன். கடைசியில், ஒரு மலை இருந்தால் இந்த இடம் எங்கேயோ போய்விடும் என்றும் சொன்னார்.

மாட்டுக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "மலை வேணும்னா பதுளைக்குப் போங்க தம்பி. நாங்க அதுலயிருந்துதான் எறங்கி வந்தோம்." பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னார். இந்தத் தம்பிதான் இப்போது விடியவே காட்டு வாசலுக்கு வருகிறார். இங்கே இருக்கும்வரை அவரே அடையாளம் பார்த்துக் கொப்பைப் போடட்டும். அவர் சுவிஸுக்குத் திரும்பிய பிறகு மாட்டுக்காரர் பழையபடி போடுவார்.

விருந்தாளிக்கு அவ்வளவு சந்தோஷம். தடம் எப்படி இருக்கும், யானை போட்ட லத்தி எத்தனை நேரம் சூடாக இருக்கும் என்று கேட்டு எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் வாசலில் ஒரு கொப்பு குறுக்கே கிடந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். அவர் கண்டது எருமைத் தடம் என்று பின்னேரம் தெரியவந்தது. அதற்கடுத்த நாள் மயில் ஏதோ மரத்தில் சடசடத்ததாம். மூன்றாம் நாள் அவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம், ஆனாலும் பாதுகாப்புக்காகப் போட்டாராம். ஒரு கொப்பு போதாதென்று இரண்டு, பிறகு மூன்று. எதையும் அவர் ஓரமாக இழுத்துவிடுவதும் இல்லை. அந்தப் பாவத்தை இனிச் செய்யமாட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

ஐந்தாம் நாள் நான் போனபோது வாசலில் முழு மரமே கிடப்பதுபோல இருந்தது. மாட்டுக்காரரும் மாடுகளோடு அங்கேதான் நின்றார். நான் சைக்கிளை விட்டு இறங்கி இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு பேரும் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யானையா, ஒங்க வீட்டு ஆளா?" என்றார்.

"தெரியாது ஐயா."

மாடுகளுக்குப் பொறுமை இல்லை. குவியலைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போய்விட்டன. அவர் என்னைப் பார்த்து, நீ இன்றைக்கு உள்ளே வராதே என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மாடுகளின் பின்னால் போனார். எனக்கு ஏழரைக்கு உலை வைக்கவேண்டும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டிப்பர் ஓடும் வீதிக்கு ஏறினேன். விருந்தாளி விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருந்தது.