மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

உயில் எழுதிக் கொடுக்கும் வக்கீலைக் கண்டால் சொந்தக்காரர்கள்கூட "இன்னும் நேரம் இருக்கு" என்று நகர்ந்துவிடுவார்கள். நீங்களும் அந்த ரகம்தானே? சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் என் ஆபீஸ். மத்தியானமானால் மல்லிகை வாசம் படியேறி வந்துவிடும். வருகிறவர்கள் சாவைப் பற்றிப் பேச வந்ததையே மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

வெளியூர்ப் பயணம்

அர்ஜுனன் அங்கிள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஆங் மோ கியோ வீட்டில் மகள் மலரும் மாப்பிள்ளை ரவியும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில்; போன்கூடப் பண்ணுவதில்லை. வீடு மலருக்கு என்று அங்கிள் தானே ஓர் உயில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சிபிஎஃப் சேமநிதிப் பணம் உயிலில் சேராது, அதற்குத் தனியாக ஆள் நியமிக்க வேண்டும் என்றேன். அவர் காதில் விழுந்ததோ என்னவோ, சாயங்காலம் வீட்டு வாசலில் வெயில் எப்படி மஞ்சளாய் விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'இறந்த பிறகு' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவேயில்லை.

"நான் வெளியூர் போயிட்டா, அந்த வெயில் மலருக்குத்தான் கிடைக்கணும்மா."

முதல் கையெழுத்து யாருக்கு?

உயிலைப் புரட்டினேன். இரண்டு சாட்சிகளில் முதல் பெயர் ரவி. சொத்து பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. அப்புறம் உயிலே இல்லாத கணக்காகி, பாதி வீடு பெர்த்தில் இருக்கும் மகனுக்குப் போய்விடும்.

சொன்னதும் அங்கிள் முகம் வெளுத்துவிட்டது. எந்த நல்ல காரியத்திலும் மாப்பிள்ளையை முன்னால் நிறுத்திப் பழகியவர்கள் இல்லையா நாம்? வேறு சாட்சி வைத்துப் புதிதாக எழுதலாம் என்றேன். அதற்கும் தயங்கினார்.

"வீடு போனாலும் போகட்டும், மாப்பிள்ளை பேரை எப்படிம்மா எடுக்கிறது?"

பட்டுச் சட்டை

அடுத்த வாரம் ரவியோடு வந்தார். பழைய உயிலில் காப்பி கொட்டிவிட்டது, மறுபடி கையெழுத்துப் போடணும் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். ரவி பட்டுச் சட்டை போட்டு, பையில் புதுப் பேனா செருகியிருந்தார். சாட்சிக்கு என் கிளார்க் மெய் லிங்கும், கீழே பூக்கட்டும் முத்து அண்ணனும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, உண்மையைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன்.

ரவி எழுந்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார், இந்தப் பெரியவர் கதி என்ன என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்தார்.

"மலருக்காக நான் போட வேண்டிய கையெழுத்தைக் கல்யாணத்தன்னைக்கே போட்டுட்டேன் மாமா, இதுல நீங்க போடுங்க."

சட்டம் படித்தவள்தான் நான், ஆனால் சம்பளம் வாங்குவதென்னவோ மாப்பிள்ளைகள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதற்கு.