தாத்தாவுக்குத் தீர்க்காயுசு

கிரிவலப் பாதையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் நான் குருக்கள்.

இன்று ஓர் அம்மா, மகளின் கல்யாணப் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைக்கக் கொண்டுவந்தார். கையை எட்ட நீட்டிப் பிடித்து, பெயர்களையெல்லாம் வாசித்து அர்ச்சனை செய்தேன். பெண்ணின் தாத்தாவுக்குத் தீர்க்காயுசும் வேண்டினேன்.

"சாமி, எங்கப்பா தவறிட்டாருங்க. பேருக்கு முன்னாடி தெய்வத்திருனு போட்டிருக்கோமே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வாசிக்கக் கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று போன மாதம் கண்ணாடிக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "மந்திரமெல்லாம் மனப்பாடம், எனக்கெதுக்கு?" என்று வீறாப்பாக எழுந்து வந்தவன் நான்.

சாயங்காலம் அங்கேதான் போகிறேன். பத்திரிகையும் தெரிய வேண்டும், எதிரே நிற்பவர் முகமும் தெரிய வேண்டும். நடுவில் கோடு போட்ட பைஃபோகல் கண்ணாடியா, கோடில்லாததா? போட்டிருப்பவர்கள் சொல்லுங்கள்.

அதுவரை பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் நீங்களே வாசித்துவிடுங்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதையும் சேர்த்து.