ஐந்தாவது தட்டு

பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மனிதர்கள் இரண்டே வகை. டிக்கெட் எடுத்தவன், எடுக்காதவன். எடுத்தவனும் என்றைக்காவது மாட்டுவான் என்பது அவர் நம்பிக்கை. பிடிபட்டவன் கையெடுத்துக் கும்பிட்டால், "இந்தக் கும்பிடு டிக்கெட் ஆகுமா?" என்பார்.

மனைவி போன பிறகு, மகள் தான் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கடவுளை அவர் அதற்கு முன்பே தலைமுழுகியிருந்தார். "கேக்காமக் கொள்ளாம என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போனவனுக்கு நான் எதுக்குக் கும்பிடு போடணும்?" மருமகன் செருப்பு விடும் அழகு வரைக்கும் அவர் குற்றம் கண்டுபிடித்ததில் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பை கொடுக்கும் ஒரு சங்கத்தில் சேர்த்துவிட்டாள். "நாலு பேருக்கு உதவி பண்ணுங்கப்பா, மனசு லேசாகும்."

சங்கத்தில் எல்லோரும் மனசு லேசாகி மிதந்துகொண்டிருந்தார்கள். பையைக் கொடுத்து, வாங்கியவரோடு போட்டோ எடுத்து, "நமக்கெல்லாம் கடவுள் எவ்வளவு கொடுத்திருக்கார்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்தவன் வயிறு காய்ந்தால்தான் இதுகளுக்குப் பக்தி ஊறும் போல என்று செக்கர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாங்குகிறவர்கள் மேலும் மரியாதை கிடையாது. பையை நீட்டும்போதே கழுத்தையும் நீட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். "டிவி இருக்கு, சோத்துக்குத்தான் இல்லையாம்" என்பார் வேன் டிரைவரிடம். அந்த ஊர்ப் பாஷையும் தமிழும் தெரிந்தவர் டிரைவர் ஒருவர்தான்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு ஒன்று. துணி தைக்கும் விதவை, மூன்று பிள்ளைகள். பை நாலு பேருக்கு. ஆனால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தரையில் ஐந்து தட்டு.

செக்கருக்குப் பழைய முறுக்கு ஏறியது. "புருஷன் செத்துட்டான்னு சொல்லி ஒளிச்சு வச்சிருக்கா. இன்னைக்கு அவங்க சாப்பிட உக்கார்ற நேரத்துல போய்க் கையும் களவுமாப் பிடிக்கிறேன். அடுத்த வாரத்துல இருந்து பை கிடையாது."

"வேணாம் சார், சின்னப் பிள்ளைங்க. அந்தப் பைதான் சாப்பாடே."

"எல்லாக் கள்ளனுக்கும் சின்னப் பிள்ளை இருக்கும். நீ நடப்பா."

கதவு திறந்திருந்தது. தாயும் பிள்ளைகளும் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கேட்காமலே உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், திரைச்சீலையை விலக்கினார். அடுக்கிய துணியும் ஒரு வாளியும்தான் இருந்தன.

"அஞ்சாவது தட்டு யாருக்குன்னு கேளு."

டிரைவர் அவளிடம் கேட்டார். பதில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னய்யா சொல்றா?"

"உங்களுக்காம் சார். ஒவ்வொரு தடவையும் அடுப்பையே எட்டிப் பாக்குறீங்களாம். பாவம், வீட்டுல சரியாச் சோறு போட மாட்டாங்க போலன்னு நினைச்சாங்களாம். கூப்பிட்டா உங்களுக்கு வெக்கமா இருக்கும், தானா வரட்டும்னு தட்டு வச்சுக்கிட்டே இருந்தாங்களாம். உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கிறாங்களாம்."

செக்கருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இஸ்திரி போடாத சட்டையைத் தொட்டறியாத மனுஷன் அவர். அவரைப் பார்த்து, காரை பெயர்ந்த வீட்டுக்காரி பாவம் என்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தார். கண் அந்த ஐந்தாவது தட்டில் போய் நின்றது. மனைவிக்குப் பிறகு அவருக்கென்று தட்டு வைத்துக் காத்திருந்தவர் யாருமில்லை. மகள் வீட்டில் அவரவர் போட்டுக்கொண்டு சாப்பிடுவதுதான் வழக்கம்.

உட்கார்ந்தார். அவர்கள் கண்ணை மூடி வேண்டத் தொடங்கினார்கள். செக்கர் மூடவில்லை, தொழில் புத்தி. அப்போதுதான் கடைக்குட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைக் கண்காணிப்பது தெரிந்தது. மடியில் சும்மா கிடந்த அவர் கைகளைப் பார்த்து அது உதட்டைச் சுழித்தது.

பிடிபட்டவர் கையெடுத்துக் கும்பிட்டார். முதலில் அந்தப் பிள்ளைக்குப் பயந்துதான். பிறகு, தலைமுழுகிய கடவுளிடமே நன்றி என்று ஒரு சொல் சொன்னார். தட்டில் விழுந்த பயறு சரியாக வேகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அதையும் சேர்த்து அந்தக் கடவுளிடமே சொன்னார்.