பெரோன் பிடுங்க மறுத்த பூ

மோன்பெலியே நகரில் எங்கள் ஆட்டுக்குடல் கடைக்குப் பெரோன் வேலை கேட்டு வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை மலையேறி மூலிகை பறித்தவள். "ஏம்மா, இந்த நாத்தத்துக்கா வர்றே?" என்று கேட்டேன்.

"நான் இருந்துட்டு வந்த எடத்துக்கு இது வாசனைதான் அக்கா" என்றாள்.

அவள் இருந்த இடம் மருத்துவர் செர்வியேரின் வீடு. நாட்டுச் செடிகளைப் பற்றி அவர் பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் பாறை ஏறியவள் பெரோன். அவர் அடிவாரத்தில் கோவேறு கழுதையை விட்டு இறங்காமல் ஆலிவ் காய் தின்றுகொண்டிருப்பார். எந்த மண், எந்த மாதம் பூக்கும், ஆடு கடிக்குமா என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். செடியை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கமாட்டார். "துணியில வை. உன் கையில ஆட்டு நாத்தம்."

ஒரு வசந்தத்தில், லூ மலையின் வடக்குப் பாறை இடுக்கில் யாரும் பார்த்திராத வெள்ளைப் பூ ஒன்றை அவள் கண்டாள். மொத்தமே முப்பது கொத்துதான் இருந்தது. மருத்துவர் அதற்கு ஒரு பிரபுவின் பெயரை வைத்தார். புத்தகம் வந்ததும் பாதிரியார் அவளுக்கு வாசித்துக் காட்டினார்: 'கழுகும் அஞ்சும் பாறையில் நானே கயிறு கட்டி ஏறினேன்.'

பெரோன் சிரித்துவிட்டாள். "அந்த வயித்தைத் தாங்குற கயிறு எந்தச் சந்தையில விக்குது சாமி?"

அதையும் பொறுத்துக்கொண்டாள். பிறகு, லியோனிலிருந்து இன்னொரு செடி அறிஞர் வருவதாகச் செய்தி வந்தது. செர்வியேர் அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே போய் அந்த வெள்ளைப் பூச்செடியில மிச்சத்தைப் பூரா பிடுங்கிட்டு வா. ஒரு வேர் இருக்கக்கூடாது."

"எதுக்குங்கய்யா? தோட்டத்துல வச்சது ஒண்ணுகூடப் பொழைக்கலையே."

"பொழைக்காட்டி என்ன? காய வச்சது எங்கிட்ட இருக்கு. லியோன்காரனுக்குக் கெடைக்கக்கூடாது."

"அப்புறம் அது ஒலகத்துலயே இருக்காதுங்களே."

"என் புத்தகத்துல இருக்கும்ல?"

முடியாது என்றாள். அவர் இரண்டு இடையர்களை அனுப்பினார். மறுநாள் முற்றத்தில் ஒரு சாக்கைக் கொட்டினார்கள். நல்லதாக நாலைந்தை எடுத்துக்கொண்டு, மற்றதை வேரோடு பன்றித் தொட்டியில் போடச் சொன்னார் செர்வியேர். பன்றிகள் மென்றதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்காத. அடுத்த செடிக்கு உம்பேரை வைக்கிறேன்" என்றார்.

"வேணாங்கய்யா. எங்காத்தா வச்ச பேரு அது. உங்க வாய் பட்டா நாறிடும்."

அங்கிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தவள்தான். சில வாரங்களில் லியோன்காரரும் விசாரித்துக்கொண்டு வந்தார். அழகான கையுறை போட்டிருந்தார்.

"வேற அபூர்வமான செடி ஏதாவது தெரியுமாமே உனக்கு?"

கழுவாத குடல் ஒன்றைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள் பெரோன். "எனக்குத் தெரிஞ்சது இதுதாங்க."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"உண்மையிலேயே தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு தெரியும். அதுபாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்."

எங்களிடம் பதினொரு வருடம் இருந்தாள். அந்த ஏழெட்டும் எங்கே இருக்கின்றன என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.